ரிமோட் மேனேஜ்மென்ட் ஆஃப்தான், ஆனாலும் வெளி ஐபியில் ரவுட்டரின் லாகின் பக்கம் வருகிறதே?

#1 நூல்கண்டு

எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது.

வீட்டு ரவுட்டரின் அட்மின் பக்கம் யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்று ஒருதரம் பார்த்துவிடலாமே என உட்கார்ந்தேன். 192.168.1.1 போட்டு உள்ளே போனேன். "ரிமோட் மேனேஜ்மென்ட்" (வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி) என்ற இடத்தில் டிக் இல்லை. அத்தோடு மூடியிருக்கலாம். சும்மா இருக்காமல் "என் ஐபி என்ன" என்று தேடி, வந்த எண்ணை அப்படியே பிரவுசரில் போட்டேன். அதே லாகின் பக்கம் பளிச்சென்று வந்து நிற்கிறது!

அப்படியென்றால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் இந்தப் பக்கத்தைத் திறக்கலாமா? டிக்கைப் போட்டு சேவ் செய்து, மறுபடி எடுத்து சேவ் செய்து, ரீஸ்டார்ட்டும் செய்து பார்த்துவிட்டேன். அதே கதை. ரவுட்டர் இணையச் சேவை நிறுவனம் கொடுத்தது, மூன்று வருஷமாக ஓடுகிறது. மாடியில் இன்னொரு ரவுட்டரும் உண்டு. நான் டெக்னிக்கல் ஆள் இல்லை. ஆனால் படிப்படியாகச் சொன்னால் செய்துவிடுவேன்.

#2 சுட்டிப்பையன்

அக்கா இது கண்டிப்பா ஹேக்தான். யோசிக்கவே வேணாம், பின்னாடி இருக்குற சின்ன ஓட்டைல ஊசிய விட்டு ரீசெட் அடிங்க. பத்து செகண்ட் அமுக்கிப் பிடிங்க. எல்லாம் க்ளீன் ஆயிடும்.

#3 பூட்டுசாவி (நெறியாளர்)

ஒரு வேண்டுகோள்: யாரும் தங்கள் வெளி ஐபியை இங்கே பதியாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்கள் ஐபி, மேக் முகவரி (சாதனத்தின் வலை அடையாள எண்), சீரியல் எண் மூன்றையும் மறைத்துவிட்டுப் போடவும்.

#4 பழையகம்பி

தம்பி சுட்டி, ஊசியைக் கீழே வை.

ரீசெட் அடித்தால் பாஸ்வேர்டு மட்டும் போகாது. இணையத்தில் நுழைய நிறுவனம் கொடுத்த பிபிபிஓஈ யூசர்நேம், அதன் பாஸ்வேர்டு, வீலேன் எண் எல்லாம் சேர்ந்தே போகும். பிறகு அம்மணி இணையமே இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

நூல்கண்டு, நீங்கள் அந்த எண்ணைப் போட்டபோது எந்த இணைப்பில் இருந்தீர்கள்? வீட்டு வைஃபையில்தானே? அங்கேதான் முடிச்சு. "என் ஐபி" என்று வந்த எண் உங்கள் ரவுட்டருக்கே உரியது. வீட்டுக்குள்ளிருந்து அந்த எண்ணுக்குப் பாக்கெட் (தரவுத் துண்டு) கிளம்பினால், ரவுட்டர் அதைப் பார்த்து "இது நான்தானே" என்று அங்கேயே பதில் சொல்லிவிடும். பாக்கெட் வாசற்படியைத் தாண்டுவதே இல்லை. ரிமோட் மேனேஜ்மென்ட் தடை என்பது வெளிப்பக்க இடைமுகம் வழியாக நுழைவதற்குத்தான். நீங்கள் நுழைந்ததோ உள்பக்கமாக. வீட்டுக்குள் நின்று கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, வெளியே பூட்டியிருக்கிறதா இல்லையா என்று கேட்டால் எப்படிச் சொல்வது?

ஆகவே, போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே எண்ணைப் போட்டுப் பாருங்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டிலும் போடுங்கள். அதன்பின், எண்ணுக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்து 8080, இன்னொரு முறை 8443. ரிமோட் மேனேஜ்மென்டைப் பல ரவுட்டர்கள் 80 என்ற வழக்கமான போர்ட்டில் (வாசல் எண்ணில்) திறக்காது, இந்த மாதிரி எண்களில்தான் திறக்கும்.

#5 நூல்கண்டு

ஐயா, மொபைல் டேட்டாவில் நான்கும் போட்டேன். எதுவும் வரவில்லை. சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு "பக்கம் கிடைக்கவில்லை" என்கிறது. அப்பாடா! நேற்று இரவு தூங்கியிருக்கலாம்.

#6 சுட்டிப்பையன்

சாரி அக்கா, அவசரப்பட்டுட்டேன் 😅 நானும் என் வீட்டுல மொபைல் டேட்டால செக் பண்ணேன், எனக்கும் வரல. அப்ப நானும் சேஃப்.

#7 இரவுக்காவல்

சுட்டி, ஒரு நிமிஷம். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று ஒன்று இருக்கும். (வேன் என்றால் நாலு சக்கர வண்டி இல்லை. லேன் உள்பக்கம், வேன் வெளிப்பக்கம்.) அந்த எண்ணின் முதல் இரண்டு பகுதியை மட்டும் சொல்லுங்கள்.

#8 சுட்டிப்பையன்

100.72-ன்னு ஆரம்பிக்குது. ஆனா "என் ஐபி என்ன"ன்னு தேடுனா வேற ஏதோ நம்பர் வருது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்ல?

#9 இரவுக்காவல்

ஒன்றாக இருந்தால்தான் நீங்கள் செய்த சோதனைக்கு அர்த்தம். 100.64 தொடங்கி 100.127 வரை உள்ள எண்கள், நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் அடுக்கி வைப்பதற்காக 2012-இல் தனியாக ஒதுக்கப்பட்டவை. சிஜிநேட் என்பார்கள். மொபைல் டேட்டாவிலிருந்து நீங்கள் தட்டியது உங்கள் நிறுவனத்தின் கதவை. உங்கள் ரவுட்டர் வரைக்கும் அது போகவே இல்லை. எனவே உங்கள் ரவுட்டரில் ரிமோட் மேனேஜ்மென்ட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது இந்தச் சோதனையில் தெரியாது. இன்றைக்குத் தற்செயலாகப் பாதுகாப்பு. நாளைக்கே நிறுவனம் உங்களுக்கு நேரடி வெளி ஐபி கொடுத்தால் அந்தத் தற்செயல் போய்விடும். அதே நிறுவனத்தின் வலைக்குள் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்கள் உங்கள் 100.72-ஐ நேராகத் தொட முடியுமா என்பதும் நிறுவனம் எப்படி அமைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நூல்கண்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளி ஐபியைப் போட்டதும் அவருடைய ரவுட்டரே பதில் சொன்னது என்பதே அந்த எண் அவருடைய ரவுட்டரின் மேல்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. அவரைப் பயமுறுத்தியதே அவருக்குத் துப்பாகவும் ஆகிவிட்டது.

இன்னொன்று. ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) இருக்கிறதா என்றும் இருவரும் பாருங்கள். அதில் நேட் (எல்லாச் சாதனத்தையும் ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் வைப்பது) கிடையாது, ரவுட்டருக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் தனித்தனி வெளி முகவரி. ஐபிவி4-க்கு ஒரு ஃபயர்வாலை வைத்துவிட்டு ஐபிவி6-ஐ மறந்துபோன ரவுட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரவுசரில் அந்த நீண்ட முகவரியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, ஐபிவி6 உள்ள மொபைல் டேட்டாவிலிருந்து திறந்து பார்க்க வேண்டும்.

#10 நூல்கண்டு

ஐபிவி6 என்ற பக்கத்தில் "டிஸேபிள்டு" என்று இருக்கிறது. அதனால் அதை விட்டுவிட்டேன். ஆனால் மெனுவில் துழாவும்போது "செக்யூரிட்டி" என்பதற்குள் "அக்சஸ் கன்ட்ரோல்" என்று ஒரு அட்டவணை கண்ணில் பட்டது. மேலே லேன், வேன் என்று இரண்டு நிரல். பக்கவாட்டில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், எஃப்டிபி, டெல்நெட், எஸ்எஸ்எச், பிங். லேன் நிரலில் எல்லாவற்றிலும் டிக். வேன் நிரலில் பிங் மட்டும். இது நான் முதலில் பார்த்த ரிமோட் மேனேஜ்மென்டிலிருந்து வேறா?

#11 பழையகம்பி

பெரும்பாலும் இதுதான் மூலம், அது இதற்கு ஒரு முகப்பு. சில ரவுட்டர்களில் இரண்டும் தனித்தனியாகவே ஓடும், ஒன்றை அணைத்தாலும் மற்றொன்று நிற்கும். அதனால் இரண்டையும் பார்ப்பதே சரி. நல்ல கண் உங்களுக்கு.

வேன் நிரலில் பிங் ("இருக்கிறாயா" என்று கேட்டால் பதில் சொல்வது) இருப்பதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இருந்தால் இருக்கட்டும், எடுத்தால் எடுங்கள். பிங்கை அணைத்தால் இணையத்தில் மறைந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. ஸ்கேன் செய்கிறவன் பிங்குக்குக் காத்திருப்பதில்லை.

நான் எடுக்கச் சொல்வது லேன் நிரலில் உள்ள எஃப்டிபியையும் டெல்நெட்டையும். டெல்நெட் என்பது ரவுட்டருக்குக் கட்டளை கொடுக்கும் பழைய வழி. அதில் பாஸ்வேர்டு மறையாக்கம் இல்லாமல் பச்சையாகவே போகும், வீட்டுக்குள் அதற்கு வேலையும் கிடையாது. எஸ்எஸ்எச் (அதே வேலைக்கு மறையாக்கம் உள்ள வழி) பயன்படுத்த மாட்டீர்கள் என்றால் அதையும் எடுங்கள். ஆனால் லேன் நிரலில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டையும் ஒருசேர எடுத்துவிடாதீர்கள்! அப்புறம் அந்தப் பக்கத்துக்குள் நீங்களே போக முடியாது. சிரிக்காதீர்கள், செய்தவர்கள் உண்டு.

தொடுவதற்கு முன் "பேக்கப்" என்ற பொத்தானை அழுத்தி செட்டிங்ஸ் கோப்பைக் கணினியில் இறக்கி வையுங்கள். அந்தக் கோப்புக்குள் உங்கள் பாஸ்வேர்டுகள் இருக்கும், மின்னஞ்சலில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

#12 ஒத்தையடிப்பாதை

"செய்தவர்கள் உண்டு" என்றதும் என்னைத்தான் சொல்கிறாரோ என்று எட்டிப் பார்த்தேன்.

நான் செய்தது வேறு மாதிரிக் கிறுக்குத்தனம். என் ரவுட்டரில் "குறிப்பிட்ட மேக் முகவரியிலிருந்து மட்டும் அட்மின் பக்கம் திறக்கட்டும்" என்று ஒரு வசதி. ஆகா, இதைவிடப் பூட்டு ஏது என்று என் போனின் மேக்கை மட்டும் போட்டேன். நாலு மாதம் கழித்து வைஃபை பெயரை மாற்றத் தோன்றியது. மாற்றினேன். அவ்வளவுதான், அட்மின் பக்கம் என்னையே உள்ளே விடவில்லை.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் போன்கள் தங்கள் உண்மையான மேக்கைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக். பெயரை மாற்றியதும் போனுக்கு அது புது வைஃபை, அதனால் புதுப் பொய். ரவுட்டரோ பழைய பொய்யையே உண்மையென்று நம்பிக்கொண்டிருந்தது. ரீசெட் அடித்து, நிறுவனத்துக்கு போன் போட்டு, யூசர்நேம் கேட்டு வாங்கி... ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போச்சு.

மேக்கை வைத்துப் பூட்டுவதானால் கேபிளில் இணைக்கும் கணினியின் மேக்கையும் சேர்த்துப் போடுங்கள். மேக்கைப் போலி செய்வது எளிது என்பதால் அது பெரிய பூட்டும் இல்லை.

#13 இரவுக்காவல்

😄 பூட்டுக்கு வெளியே நின்றவர் சங்கத்தில் நானும் உறுப்பினர்.

நூல்கண்டு, மடிக்கணினி இருந்தால் பிரவுசரைவிட ஒழுங்கான சோதனை ஒன்று உண்டு. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு (போனின் வைஃபை அணைந்திருக்க வேண்டும், டேட்டாவில்தான் போக வேண்டும்) மடிக்கணினியை அதில் இணையுங்கள். என்மேப் என்ற இலவசக் கருவியால் உங்கள் வெளி ஐபியில் 21, 22, 23, 80, 443, 7547, 8080, 8443 ஆகிய போர்ட்களை மட்டும் பாருங்கள். உங்களுடைய ஐபியை மட்டும், பக்கத்து எண்ணை ஆசைக்குக்கூடத் தொடக்கூடாது. வீட்டு ஐபி இதற்குள் மாறியிருக்கக்கூடும், அதனால் வீட்டு வைஃபையில் இருந்தபடியே சோதனைக்குச் சற்று முன் ஐபியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று விதமான பதில் வரும். "ஓப்பன்" என்றால் அங்கே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "க்ளோஸ்டு" என்றால் கதவு உண்டு, உள்ளே ஆள் இல்லை. "ஃபில்டர்டு" என்றால் பதிலே வரவில்லை, ரவுட்டரோ நடுவில் நிறுவனமோ பாக்கெட்டை விழுங்கிவிட்டது. பிரவுசரில் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது என்றீர்களே, அது இந்த மூன்றாவது ரகம்.

#14 நூல்கண்டு

செய்தேன்! கறுப்புத் திரையில் எழுத்து ஓடுவதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

எல்லாமே ஃபில்டர்டு. 7547 மட்டும் ஓப்பன். இது என்ன? நான் எதையும் திறக்கவில்லையே.

#15 பழையகம்பி

அது உங்கள் நிறுவனத்தின் கதவு. டிஆர்-069 என்று ஒரு ஏற்பாடு, 2004-இல் வந்தது. உங்கள் ரவுட்டருக்கு ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) அனுப்புவது, செட்டிங்ஸ் மாற்றுவது, கோளாறு பார்ப்பது எல்லாம் நிறுவனம் இதன் வழியாகத்தான் செய்கிறது. வழக்கமாக ரவுட்டர்தான் நிறுவனத்தின் சர்வரைத் தேடிப் போகும். "இப்பவே வா" என்று சர்வர் கூப்பிடுவதற்காக ரவுட்டர் ஒரு காதைத் திறந்து வைத்திருக்கும். அந்தக் காதுதான் 7547.

முறையாகச் செய்யும் நிறுவனம், தன் சர்வரைத் தவிர வேறு யாரும் அந்தப் போர்ட்டைத் தொட முடியாதபடி வலையிலேயே தடுத்திருக்கும். மொபைல் டேட்டாவிலிருந்து உங்களுக்கு ஓப்பன் என்று வந்தது அவ்வளவு அழகான செய்தி இல்லை.

#16 சுட்டிப்பையன்

அப்ப டிஆர்-069-ஐ ஆஃப் பண்ணிட வேண்டியதுதானே? எதுக்கு வெளியாள் கைல நம்ம ரவுட்டர்?

#17 இரவுக்காவல்

இந்த இடத்தில் எனக்கும் பழையகம்பி சாருக்கும் கருத்து வேறுபடலாம். என் சொந்த ரவுட்டர் என்றால் அணைத்துவிடுவேன். காரணம் 2016.

அந்த வருஷம் மிராய் என்று ஒரு வைரஸ் கிளம்பியது. அதில் தந்திரம் எதுவும் கிடையாது. இணையம் முழுக்க டெல்நெட் திறந்திருக்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடி, கையில் வைத்திருந்த 60 சொச்சம் டீஃபால்ட் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். அட்மின்-அட்மின், ரூட்-ரூட் வகையறா. அப்படிச் சேர்த்த பட்டாளத்தை வைத்துத்தான் 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தைத் தாக்கினார்கள். டிவிட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்கும் திறக்காமல் போனது அன்றைக்குத்தான். அடுத்த மாதமே அதன் வாரிசு ஒன்று டெல்நெட்டை விட்டுவிட்டு 7547-ஐத் தட்ட ஆரம்பித்தது. ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு துண்டானது.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஜெர்மன் ரவுட்டர்கள் வைரஸிடம் சிக்கவில்லை. ஓயாமல் வந்த தட்டலைத் தாங்க முடியாமல் முடங்கிப்போயின.

#18 பழையகம்பி

வேறுபாடு உண்டுதான். சொந்த ரவுட்டர் வேறு, நிறுவனம் கொடுத்தது வேறு. நிறுவனத்தின் ரவுட்டரில் டிஆர்-069-ஐ அணைத்தால் ஃபர்ம்வேர் புதுப்பிப்பும் நின்றுபோகலாம். ஓட்டை அடைக்கும் ஆளை வெளியே அனுப்பிவிட்டு ஓட்டைக்குக் காவல் இருப்பது மாதிரி. போதாக்குறைக்குப் பல ரவுட்டர்களில் பயனர் கணக்குக்கு அந்தப் பக்கமே கண்ணில் படாது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. லேபிளில் இருக்கும் அட்மின் கணக்கு ஒன்று, நிறுவனம் தன்னிடம் வைத்திருக்கும் பெரிய கணக்கு இன்னொன்று. நீங்கள் பாஸ்வேர்டு மாற்றியது சின்னதற்குத்தான். பெரியது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நூல்கண்டுக்கு என் யோசனை: நிறுவனத்துக்கு எழுதுங்கள். "7547 வெளியிலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது, உங்கள் சர்வருக்கு மட்டும் என்று தடுங்கள், புது ஃபர்ம்வேர் இருந்தால் தள்ளுங்கள்" என்று மூன்று வரி. போனில் சொல்லாதீர்கள், "ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா" என்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

#19 நூல்கண்டு

எழுதிவிட்டேன். அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். இதுவரை லேபிளில் அச்சடித்திருந்ததுதான் இருந்தது, வெட்கமாக இருக்கிறது. நீளமாக வைத்துவிட்டேன், 24 எழுத்து.

#20 பழையகம்பி

வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு அச்சடித்த லேபிள் என்றால், எல்லாப் பெட்டிக்கும் ஒரே "அட்மின்" என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியிலிருந்தும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-இலிருந்தும் ஒரே பொதுப் பாஸ்வேர்டோடு இப்படிப்பட்ட சாதனங்களை விற்கச் சட்டம் தடை போடுகிறது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர் எவரும் லேபிளைப் போட்டோ எடுக்கலாம், அதனால் மாற்றியது சரி.

24 எழுத்து என்றீர்களே, வெளியேறி மறுபடி உள்ளே போய்ப் பார்த்தீர்களா? ஒருமுறை நான் நீளமாகப் போட்டது பெட்டிக்குள் முதல் 16 எழுத்தோடு வெட்டப்பட்டுச் சேமிக்கப்பட்டது. வெட்டியதை அது சொல்லவில்லை. லாகின் பக்கமோ முழுசையும் அனுப்பியது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? இப்போது திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், வேறொரு பிரவுசரில் புதுப் பாஸ்வேர்டைப் போட்டுச் சோதியுங்கள்.

#21 நூல்கண்டு

உள்ளே போகிறது ஐயா, தப்பித்தேன். ஆனால் முதல் பிரவுசரிலிருந்து என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது.

#22 இரவுக்காவல்

ஒரு நேரத்தில் ஒரே அட்மின் என்று வைத்திருக்கும் ரவுட்டர்கள் நிறைய. நல்லதுதான். வேலை முடிந்ததும் "லாகவுட்" அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். லாகின் உயிரோடு இருக்கும்போது அதே பிரவுசரில் வேறு ஏதாவது ஒரு மோசமான தளத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் உங்கள் பிரவுசரையே கைப்பாவையாக்கி 192.168.1.1-க்குக் கட்டளை அனுப்ப முயலும். வெளிக்கதவு மூடியிருப்பது அங்கே உதவாது, பிரவுசர் வீட்டுக்குள்தானே இருக்கிறது.

அப்படியே டிஎன்எஸ் எண்களையும் ஒருதரம் பாருங்கள். ரவுட்டரில் நுழைந்தவன் முதலில் மாற்றுவது அதைத்தான். பிரேசிலில் 2011, 2012-இல் சுமார் 45 லட்சம் மோடம்களில் இது நடந்தது. ஃபர்ம்வேரில் இருந்த ஓட்டை வழியாகப் பாஸ்வேர்டையே உருவிக்கொண்டு டிஎன்எஸ்ஸை மாற்றி, மக்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். பாஸ்வேர்டை நன்றாக வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. அதனால்தான் ஃபர்ம்வேர், ஃபர்ம்வேர் என்று நாங்கள் அடித்துக்கொள்வது.

#23 நூல்கண்டு

டிஎன்எஸ் "தானியங்கி" என்றே இருக்கிறது, எண்களும் நிறுவனத்தின் தளத்தில் உள்ளவைதான். யூபிஎன்பி ஆன், டபிள்யூபிஎஸ் ஆன் என்று இரண்டு பார்த்தேன். என்ன செய்ய?

#24 பழையகம்பி

டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு இல்லாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ வைஃபையில் இணைக்கும் வசதி) அணையுங்கள், கேள்வியே இல்லை. அதன் எட்டு இலக்க பின் எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே தெரிந்துபோனது. வைஃபைக்குள் வந்துவிட்டால் அடுத்து அட்மின் பக்கம்தான்.

யூபிஎன்பி வீட்டுக்குள் இருக்கும் சாதனம் கேட்டால் கேள்வி கேட்காமல் போர்ட் திறந்துகொடுக்கும். ஆன்லைன் விளையாட்டு ஆடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அணைத்ததும் கூச்சல் வரும். அணைத்துப் பாருங்கள், கூச்சல் வந்தால் யோசிப்போம்.

#25 ஒத்தையடிப்பாதை

முதல் பதிவில் "மாடியில் இன்னொரு ரவுட்டர்" என்றீர்களே, யாருமே அதைப் பேசவில்லை. அது தனி ரவுட்டராக ஓடுகிறதா, ஆக்சஸ் பாயின்டாகவா (கீழ் ரவுட்டரின் வலையையே மாடிக்கு நீட்டும் பெட்டியாகவா)? மாடியில் விருந்தினர் வைஃபை உண்டா?

#26 நூல்கண்டு

உண்டு. மாடி வைஃபையில் போனுக்கு 192.168.50 என்று தொடங்கும் எண் வருகிறது. கீழே 192.168.1. அப்படியென்றால் தனி ரவுட்டர்தானே?

#27 ஒத்தையடிப்பாதை

ஆமாம். இப்போது ஒரு வேலை செய்யுங்கள். மாடியின் விருந்தினர் வைஃபையில் இணைந்துகொண்டு 192.168.1.1 போடுங்கள்.

#28 நூல்கண்டு

கீழ் ரவுட்டரின் லாகின் பக்கம் வருகிறது!! விருந்தினருக்கு உள்வலை தெரியாது என்றுதானே அந்த வைஃபையே வைத்தேன்?

#29 ஒத்தையடிப்பாதை

மாடி ரவுட்டர் தன் சொந்த உள்வலையைத்தான் விருந்தினரிடமிருந்து மறைக்கிறது. அதன் கண்ணுக்குக் கீழ் ரவுட்டர் "இணையத்தின் பக்கம்" இருக்கிறது. விருந்தினரை இணையத்துக்கு விடத்தானே வேண்டும்? அதனால் கீழேயும் விட்டுவிடுகிறது. என் வீட்டில் இரண்டு வருஷம் இப்படித்தான் இருந்தது, எனக்கே தெரியாது.

விருந்தினர் வைஃபையைக் கீழ் ரவுட்டரிலேயே வைத்துக்கொண்டு, மாடியில் உள்ளதை ஆக்சஸ் பாயின்டாக மாற்றிவிடுவது எளிது. மாடி வலையில் உள்ள எல்லாச் சாதனமும் கீழ் ரவுட்டருக்கு ஒரே ஐபியாகத் தெரிவதால், இப்போதைக்குக் கீழே அந்த ஒரு ஐபியை அட்மின் பக்கத்திலிருந்து விலக்கினாலும் போதும். ரவுட்டரில் அந்த வசதி இருந்தால்.

#30 இரவுக்காவல்

மாடி ரவுட்டரை எதில் அமைத்தீர்கள், பிரவுசரிலா மொபைல் ஆப்பிலா?

#31 நூல்கண்டு

நான் அமைக்கவில்லை. வந்து மாட்டியவர் தன் போனிலேயே ஏதோ ஆப்பில் எல்லாம் செய்து, வைஃபை பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றரை வருஷம் இருக்கும்.

#32 இரவுக்காவல்

அந்த ஆப்பை உங்கள் போனில் இறக்கி, உங்கள் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, மாடி ரவுட்டரைச் சேர்க்க முயலுங்கள். என்ன சொல்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

#33 நூல்கண்டு

"இந்தச் சாதனம் ஏற்கெனவே வேறொரு கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது. உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்."

உரிமையாளர் நான்தானே?

#34 பழையகம்பி

பெட்டிக்கு நீங்கள் உரிமையாளர். அட்மினுக்கு அவர். ஒன்றரை வருஷமாக.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தன் கணக்கிலேயே மாட்டிவிட்டுப் போகிறவர்கள் பலர், பிறகு அவர்களுக்கே நினைவிருக்காது. ஆனால் அந்த ஆப்பை அவர் எங்கிருந்து திறந்தாலும் உங்கள் மாடியில் எந்தெந்தச் சாதனம் இணைந்திருக்கிறது என்று தெரியும், வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றலாம்.

என்மேப் ஏன் இதைக் காட்டவில்லை என்றால், இங்கே வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டுவதில்லை. ரவுட்டர் தானாகவே தயாரிப்பாளரின் கிளவுடுக்கு உள்ளிருந்து ஒரு இணைப்பைப் போட்டு அதைத் திறந்தே வைத்திருக்கும். ஆப் பேசுவது அந்தக் குழாய் வழியாக. ரிமோட் மேனேஜ்மென்டில் டிக் எடுத்ததும் போர்ட்டை மூடியதும் இதைத் தொடவே தொடாது.

#35 சுட்டிப்பையன்

அப்ப... இப்பவாச்சும் ஊசி? 🙂

#36 பழையகம்பி

எடு தம்பி, எடு. மாடி ரவுட்டருக்கு மட்டும். அதில் நிறுவனத்தின் யூசர்நேம் எதுவும் இல்லை, கீழிருந்து ஒரு கேபிள்தான் போகிறது. இழக்க ஒன்றுமில்லை.

ஒரு சந்தேகம் மட்டும்: சில தயாரிப்புகளில் ரீசெட் அடித்தாலும் பழைய கணக்கின் பிணைப்பு கிளவுடில் அப்படியே இருக்கும், பழைய உரிமையாளர் தன் ஆப்பில் "நீக்கு" என்று கொடுத்தால்தான் போகும். முதலில் மாட்டியவருக்கு போன் செய்து நீக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு ரீசெட்.

#37 நூல்கண்டு

போன் செய்தேன். நல்லவர், பாவம் பதறிப்போய்விட்டார். அவர் ஆப்பைத் திறந்து பார்த்தால், அவர் மாட்டிய வீடுகளெல்லாம் வரிசையாக அதில் இருக்கின்றனவாம். என்னுடையதை உடனே நீக்கினார், மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அதன்பின் ரீசெட் அடித்தேன், பத்து விநாடி. என் கணக்கில் சேர்த்தேன், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டேன், ஆக்சஸ் பாயின்டாக மாற்றினேன். விருந்தினர் வைஃபை இப்போது கீழ் ரவுட்டரில். அதில் இணைந்து 192.168.1.1 போட்டால் ஒன்றும் வரவில்லை. மாடி ரவுட்டரின் முகவரியைப் போட்டாலும் வரவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. மாடி ரவுட்டரின் லாக் (நிகழ்வுப் பதிவு) பக்கத்தில் முதல் வரி "1970 ஜனவரி 1" என்று இருக்கிறது. நான் அப்போது பிறக்கவே இல்லையே!

#38 சுட்டிப்பையன்

அதுக்குள்ள கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது அக்கா. இணையத்துல நேரம் கேட்டு வாங்குற வரைக்கும் 1970-னே நெனச்சுக்கும். இது எனக்குத் தெரியும் 😎

என் கதை: ரவுட்டர்ல ரிமோட் மேனேஜ்மென்ட் ஆன்ல இருந்துச்சு. சிஜிநேட்டுக்குப் பின்னாடி இருந்ததால யாருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஆஃப் பண்ணிட்டேன். ஆப்பையும் பார்த்தேன், ஓனர் அப்பாவோட பழைய மெயில் ஐடி. அந்த ஐடிக்கு பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இல்ல.

#39 பழையகம்பி

புது இழை தொடங்கு தம்பி. வருகிறேன்.